வளையம் கைக்கு வராத இரவு

இரண்டு பயணிகள் ரயில்கள் மோதியதை யாரோ வீட்டுக் கமராவில் பிடித்த கதையை வாசித்துவிட்டு எழுதுகிறேன். அந்தக் காலத்து 8 மில்லிமீட்டர் பிலிம் சுருள் 50 அடிதான், ஏறக்குறைய நாலு நிமிடம் ஓடும். பிள்ளைகளுக்குக் காட்டக் கோச்சியை, அதாவது ரயிலை, படம் எடுக்கப் போனவராக இருக்கும், பாவம். சத்தமே இல்லாமல் பார்ப்பதுதான் இன்னும் பயம்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் நானுஓயாப் பக்கம் ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேசன் மாஸ்டர் பெரிய வளையத்தில் தோல்பை கட்டி, உள்ளே டேப்லட் என்ற உலோக வில்லையை வைத்து நீட்டுவார், அது கைக்கு வராமல் டிரைவர் அடுத்த ஸ்டேசனுக்கு வண்டியை எடுக்கக் கூடாது, எதிரே இன்னொன்று வந்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒருநாள் இரவு பனிமூட்டத்தில் வளையம் கைநழுவிப் போய், கோச்சியை நிறுத்தி, டோர்ச் அடித்துத் தேயிலைச் செடிக்குள் தேடினார்கள். பெட்டிக்குள் ஒரே சிரிப்பு, வடைக்காரர் உட்பட. நான் சிரிக்கவில்லை என்றால் பொய்.