கோடிங் தெரியாமல் ஆப் செய்யலாம், கணக்குப் புத்தி இல்லாமல் முடியாது

பண்ருட்டி முந்திரிக் கடையோ, பாண்டிச்சேரி ஸ்கூட்டர் வாடகையோ, கோடிங் தெரியாமலே கூகுளின் ஆப்ஷீட்டில் (AppSheet) ஆப் செய்துவிடலாம் என்பது உண்மைதான். கூகுள் ஷீட்டை இணைத்தால் சற்று நேரத்தில் ஃபோனில் ஃபார்ம் வந்து நிற்கும். உதைப்பது பிறகுதான்.

முந்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டபிள்யூ 320: 40 டின்' என்று (டபிள்யூ 320 என்பது பருப்பின் தரம்) ஒரே செல்லில் ஸ்டாக். குடோனில் ஒருவர் 5 டின் எடுத்துவிட்டு 35 என்று மாற்றுகிறார். கடையில் சிக்னல் இல்லாத ஃபோனில் இன்னொருவருக்கு இன்னும் 40 தான் தெரிகிறது. 8 விற்று 32 என்று போடுகிறார். சிங்க் ஆனதும் கடைசியாக வந்த 32 நிற்கும். குடோனில் இருப்பது 27. டின்னுக்கு 10 கிலோ என்றால் 50 கிலோ பருப்பு ஏட்டில் மட்டும் இருக்கிறது! ஸ்டாக்கை யாரும் கையால் திருத்தவே கூடாது. வரவு ஒரு வரி, விற்பனை ஒரு வரி. கூட்டிக் கழிப்பதை ஆப் பார்த்துக்கொள்ளட்டும். நம் பழைய பேரேடு இதைத்தானே செய்தது?

அடுத்து விலை. விலைப்பட்டியலிலிருந்து ரேட் எடுக்க, வரியைத் திருத்தும்போதெல்லாம் மறுபடி கணக்குப் போடும் 'ஆப் ஃபார்முலா'வைப் போட்டால், போன மாத விற்பனையில் ஃபோன் நம்பரைத் திருத்தினாலும் ரேட் இன்றைய விலைக்கு மாறிவிடும். வரி புதிதாகச் சேரும்போது மட்டும் நிரப்பும் 'இனிஷியல் வேல்யூ'வில் போடுங்கள். விற்ற நாளின் விலை அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாக இருக்கும் 'கீ' பத்திக்கு (key column) வரிசை எண் வேண்டவே வேண்டாம். ஷீட்டில் யாராவது ஒரு வரியை அழித்தால் எண்கள் நகர்ந்து, ஒருவர் கணக்கு இன்னொருவர் தலையில் விழும். வரிக்கு வரி தனி அடையாளம் தரும் யூனிக்ஐடி() போதும். ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு முறை என்ற செட்டிங்) இந்தியாவா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் ஜூன் 5 மே 6 ஆகிவிடும்.

ஷீட்டில் ஒரு பகுதியை மட்டும் காட்டும் 'ஸ்லைஸ்' போட்டு லாபக் கணக்கை வேலையாட்களிடமிருந்து மறைத்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. அது திரையில்தான் மறைக்கும், தரவு அவர்கள் ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்கு, தரவை ஃபோனுக்கே அனுப்பாமல் தடுக்கும் செக்யூரிட்டி ஃபில்டர் வேண்டும்.

ஆப்பும் ஷீட்டும் கடையின் ஜிமெயிலில் இருக்கட்டும், செய்து கொடுத்த அக்கா பையனின் ஜிமெயிலில் வேண்டாம். அவன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் பாஸ்வேர்டுக்கு அலைய வேண்டிவரும். ஷீட்டில் பத்தியின் தலைப்பை மாற்றினால், ஆப் அதைப் புதிதாகப் படிக்க 'ரீஜெனரேட்' கொடுத்தாக வேண்டும், அதையும் ஒருவர் மட்டும் செய்யட்டும்.

ஜிஎஸ்டி பில்லை மட்டும் இதில் கொண்டுவராதீர்கள். பில் நம்பர் தொடர்ச்சியாக வர வேண்டும். நெட் இல்லாத இரண்டு ஃபோன்கள் 'கடைசி எண் + 1' கணக்குப் போட்டால் இரண்டிலும் ஒரே நம்பர்தான் வரும். பில் டேலி கணக்கு சாஃப்ட்வேரிலேயே இருக்கட்டும்.