சிலிகான் பசை எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒட்டாது

“மீன் தொட்டிக்கான சிலிகான் பசை ஒன்று போதும், எந்தப் பிளாஸ்டிக் டப்பாவையும் கசிவில்லாத வடிகட்டியாக மாற்றிவிடலாம்” என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி தவறானது.

கண்ணாடியை உறுதியாகப் பற்றும் அதே சிலிகான், டப்பாக்களும் வாளிகளும் பெரும்பாலும் செய்யப்படும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றின் மேற்பரப்பு ஆற்றல் (பசையைத் தன்மேல் பரவிப் பற்றவிடும் தன்மை) மிகக் குறைவு என்பதால், அவற்றின்மீது சரியாகப் பிடிக்காமல், காய்ந்தபின் தோல்போல உரிந்து வந்துவிடும். இரு பாகங்களைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசையும் சாதாரண சூப்பர் குளூவும் இப்படித்தான். பிவிசி குழாய்ப் பசையோ பிவிசியைக் கரைத்து இணைப்பது. பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் அது கரைக்காது. உப்புத்தாளால் தேய்த்தால் பிடிப்பு சற்றுக் கூடலாம், ஆனால் தண்ணீரை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அல்ல.

டப்பாவின் அடியில் முக்கோணக் குறிக்குள் 2, 4, 5 ஆகிய எண்களில் ஒன்று இருந்தால் அது இவ்வகைப் பிளாஸ்டிக்; எவற்றுக்குப் பசை ஏற்றதல்ல என்பதைப் பசைத் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் பார்க்கலாம். ஆகவே இச்செய்தியை மேலும் பகிர வேண்டாம்.

டப்பாவில் குழாயைப் பொருத்த, துளையிட்டு, ரப்பர் வளையத்துடன் கூடிய டேங்க் கனெக்டரை (தொட்டிச் சுவர் வழியே குழாயை இணைக்கும் பாகம்) மரையிட்டு இறுக்குவதே நம்பகமான வழி. சிறு பாகங்களுக்கு, இப்பிளாஸ்டிக்குகளுக்கென விற்கப்படும் பிரைமரை (பசை பிடிக்க முதலில் பூசும் திரவம்) பூசியபின் சூப்பர் குளூ இடலாம்.