பஞ்சசீலத்தில் புலால் மறுத்தல் இருக்கிறதா?

தாமரைமேல் அமர்ந்த புத்தர் படத்துடன், 'பஞ்சசீலத்தின் முதல் விதி புலால் உண்ணாமை. மீறுபவர் பௌத்தரே அல்லர்' என்ற வாசகம் சில நாள்களாகத் திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. இது தவறு.

பஞ்சசீலம் என்பது பௌத்தர் ஏற்கும் ஐந்து ஒழுக்க விதிகள். அதன் முதல் சீலம் உயிர்க்கொலையைத் தவிர்ப்பதைச் சொல்கிறதே தவிர, உண்பதைப் பற்றிப் பேசவில்லை. புத்தர் வகுத்த வாழ்க்கை நெறியான எண்வழிப் பாதையிலும், நற்செய்கை என்பது கொலை, களவு, பிறழ்ந்த காமம் ஆகிய மூன்றையும் விலக்குவதே. புத்தரின் உரைகளைக் கொண்ட பாலி நூல் தொகுப்பான மச்சிம நிகாயத்தின் 55-ஆம் சூத்திரத்தில், மருத்துவர் சீவகரிடம் பேசும் புத்தர், தனக்கென்றே கொல்லப்பட்டதாகக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இருந்தால் மட்டும் துறவி அவ்விறைச்சியை ஏற்கலாகாது என்கிறார். புத்தரின் உறவினரும் துறவியுமான தேவதத்தன் துறவிகளுக்குப் புலாலுக்கு முழுத் தடை கேட்டபோது புத்தர் அதை விதியாக்க மறுத்ததையும், துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல் பதிவு செய்துள்ளது. பௌத்தத்தின் பிற்காலப் பிரிவான மகாயானத்தின் நூலான லங்காவதார சூத்திரம் புலாலைக் கடுமையாகக் கண்டிப்பது உண்மையே. குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

இதைக் கேட்டதும் 'கொன்றால் பாவம், தின்றால் போச்சு' என்று நம்மூர்ப் பழமொழியை எடுத்துவிட வேண்டாம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வணிகத்தையும் இல்லறத்தார் விலக்க வேண்டும் என்கிறது புத்தர் உரைகளின் இன்னொரு தொகுப்பான அங்குத்தர நிகாயம். ஆகவே மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்தோறும் கைமாறும் ஆட்டைப் பொறுத்தவரை, அந்நூல்களின் கேள்வி குழம்பை உண்பவரைவிட, கயிற்றைப் பிடித்து விலைபேசுபவரையே நேராகத் தொடுகிறது.