டைட்டில் ஓடும்போது ஸ்கிப் பண்ணாதீங்க

நேத்து நைட்டு 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' மறுபடி போட்டேன், படத்துக்காக இல்ல, டைட்டிலுக்காக மட்டும். மூணு தடவ பாத்தாச்சு. 2002ல வந்த படம், கதை நடக்கறது 60கள்ல, அதனால டைட்டிலும் அந்தக் காலத்து ஸ்டைல்ல இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா டைட்டில்ல ஓடற அந்த உருவங்கள கத்தியால ரப்பர் ஸ்டாம்ப்பா செதுக்கி, மை தொட்டு, பேப்பர்ல குத்தி எடுத்தாங்கங்கறது எத்தன பேருக்குத் தெரியும்? ஒலிவியே குன்ட்ஸெல், ஃப்ளோரன்ஸ் டேகாஸ்னு ரெண்டு பேர் பண்ணது. கம்ப்யூட்டர்ல சேத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். படத்துல ஹீரோ என்ன பண்றான், பொம்ம ப்ளேன்ல இருக்கற ஸ்டிக்கர தண்ணில ஊறவச்சு உரிச்சு கள்ள செக்ல ஒட்டறான். அப்படி ஒருத்தன் கதைக்கு கையால குத்துன முத்திரைய விட பொருத்தமா என்ன இருக்க முடியும் சொல்லுங்க!

'ஜூனோ'வும் (2007) இப்படித்தான். ஹீரோயின் நடக்கறத போட்டோ போட்டோவா எடுத்து, அத செராக்ஸ் போட்டு, செராக்ஸையே திரும்ப செராக்ஸ் போட்டு, நல்லா சொரசொரன்னு ஆனதும் ஒவ்வொண்ணா கையால வெட்டி, கலர் குடுத்து ஓடவிட்டிருக்காங்க, நூத்துக்கணக்குல பேப்பர் துண்டு. அந்தப் பொண்ணு நடக்கும்போது உடம்போட ஓரம் லேசா துடிச்சுட்டே இருக்கும் பாருங்க, ஒரு வெட்டு மாதிரி இன்னொரு வெட்டு விழாது இல்லையா, அந்தத் துடிப்புதான் எனக்கு உசுரு.

இப்ப ரெட்ரோன்னா, அதாவது பழைய காலத்து ஸ்டைல்னா, ஃபில்டர் போட்டுடறாங்க. மேல கொஞ்சம் கிரெயின் (பழைய ஃபிலிம்ல தெரியற புள்ளி புள்ளி), ரெண்டு கீறல், பழுப்பு பேப்பர் டெக்ஸ்சர், அடியில படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது. அதே கீறல் அதே இடத்துல திரும்பத் திரும்ப வரும், ஒருதரம் கண்ணுல பட்டுட்டா அப்புறம் அது மட்டும்தான் தெரியும். எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு. டைட்டில் டிசைனர் சால் பாஸ் 1955ல 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்'க்கு வளைஞ்சு நெளிஞ்ச கைய கட்-அவுட் மாதிரி கொண்டுவந்தாரே, அவருக்கு அது ரெட்ரோவே இல்ல, அன்னிக்குப் புத்தம் புதுசு. நாம அவர் வேலைய விட்டுட்டு தூசிய மட்டும் காப்பி அடிக்கறோம்.

கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்லல. செகண்டுக்கு 24 ஃப்ரேம், கையால செஞ்ச ஒரு படத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துனாலும் செகண்டுக்கு 12 படம் வேணும், அதுக்கு ஆளும் நாளும் குடுங்கன்னுதான் கேக்கறேன். நீங்களும் அடுத்த தடவ ஸ்கிப் பட்டன்கிட்ட விரல் போனா ஒரு நிமிஷம் பொறுங்க, எங்கயாவது நிறுத்தி அந்த உருவத்தோட ஓரத்த மட்டும் பாருங்க.