மிதிப்பவனுக்குத்தான் பசி

(மதுரை. வாடகை சைக்கிள் ஒன்று, ஆள் இரண்டு. சாப்பிட எங்கே நிறுத்தினாலும் அங்கிருந்து மிதித்தவர் கேரியரில், கேரியரில் இருந்தவர் சீட்டில். இதுதான் ஒப்பந்தம். முதலில் முத்து மிதிக்கிறார். பின்னால் அவர் மனைவியின் அண்ணன் செல்வம்.)

முத்து: மச்சான், சித்திரை வீதியில் வண்டி விட மாட்டார்கள் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அப்புறம் ஆவணி மூல வீதி. இப்போது மாசி வீதி. சித்திரையில் கிளம்பி மாசிக்கு வந்தாச்சு. பதினோரு மாதமாக நான்தான் மிதிக்கிறேன்!

செல்வம்: இன்னும் வெளி வீதி இருக்கிறது மாப்பிள்ளை.

முத்து: அதோ பருத்திப்பால். நிறுத்துகிறேன்.

செல்வம்: எனக்குப் பசியில்லையே.

முத்து: மிதிக்கிறவனுக்குப் பசிக்கிறது.

செல்வம்: (ஊதிக் குடித்தபடி) மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டு... என்ன மூளை நம்ம ஆட்களுக்கு!

முத்து: தின்ற மாடுதான் வண்டி இழுக்க வேண்டும். ஏறுங்கள்.

(பத்தே நிமிடம். விளக்குத்தூண்.)

செல்வம்: மாப்பிள்ளை, ஜிகர்தண்டா!

முத்து: பருத்திப்பால் சுட்ட நாக்கு இன்னும் ஆறவில்லை.

செல்வம்: அதை ஆற்றத்தான் இது.

முத்து: நீங்கள் குடியுங்கள். நான் தொடவே மாட்டேன். சாப்பிடாதவன் எதற்கு மிதிக்க வேண்டும்?

செல்வம்: ஒப்பந்தத்தில் 'நிறுத்தினால்' என்றுதான் இருக்கிறது. இரண்டு பேரும் குடிக்க வேண்டும் என்று இல்லை.

(டம்ளரின் அடியில் பாதாம் பிசின் கண்ணாடி மாதிரி ஆடுகிறது. மேலே ஐஸ்கிரீம் மெல்லக் கரைந்து நன்னாரிக்குள் இறங்குகிறது. முத்து அரை நிமிடம் வேறு பக்கம் பார்க்கிறார்.)

முத்து: அண்ணே, இங்கே இன்னொன்று.

(திருமலை நாயக்கர் மகால் வாசல். முத்துவுக்கு மூச்சு வாங்குகிறது.)

முத்து: மகாலைப் பார்த்துவிட்டு இப்படியே திரும்பிவிடலாம் மச்சான்.

செல்வம்: இதில் மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான். பேரன் சொக்கநாத நாயக்கர் பெரும்பகுதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்.

முத்து: அதனால்?

செல்வம்: அவ்வளவு கல்லும் மரமும் திருச்சி வரை போயிருக்கிறது. ஒரு மச்சானைத் தெப்பக்குளம் வரை கொண்டுபோக முடியாதா?

முத்து: அவர் கேரியரில் வைத்தா கொண்டுபோனார்?

(வழியில் கறிதோசை, செல்வம் மிதிக்கிறார். அடுத்த தெருமுனையிலேயே பணியாரம், முத்து மிதிக்கிறார். ஒருவழியாகத் தெப்பக்குளம். பொழுது சாய்ந்துவிட்டது.)

முத்து: 1645-இல் வெட்டிய குளம் மச்சான். மகால் கட்ட மண் எடுத்த பள்ளம் என்பார்கள். தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தாராம்.

செல்வம்: சதுர்த்திக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை வாங்குகிறவர்! பார்த்தீர்களா, இந்த ஊரில் மண்ணைத் தோண்டினாலும் சாப்பாடுதான் வருகிறது.

முத்து: சரி, வீட்டுக்கு யார் மிதிப்பது?

செல்வம்: பணியாரத்துக்கு அப்புறம் எதுவும் சாப்பிடவில்லை. அப்படியென்றால் நீங்கள்தான்.

முத்து: ஒரு சுண்டலாவது... (வயிற்றைத் தடவுகிறார்) ஐயோ, ஒரு பட்டாணிக்குக்கூட இடமில்லை.

(செல்போன் அடிக்கிறது.)

முத்து: சொல்லும்மா... இல்லை, வெளியே ஒன்றும் சாப்பிடவில்லை... இடியாப்பமா? பாயாவா? உங்க அண்ணனுக்கும் சேர்த்தா?

செல்வம்: மாப்பிள்ளை, வீட்டில் சாப்பிடுவது ஒப்பந்தத்தில் வராது இல்லையா?

முத்து: ஏன் வராது? வாசலில் சைக்கிளை நிறுத்தித்தானே சாப்பிடப் போகிறோம். அப்புறம் வாடகைக் கடையில் இதைக் கொண்டுபோய் விட வேண்டும். நீங்கள் மிதியுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன்.

செல்வம்: தங்கச்சியிடம் நான் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.