அஞ்சலிப் பதாகையில் இடம்பெறாத அப்பா

அப்பா மறைந்து நாற்பது நாள்கள் ஆகின்றன. துக்கம் விசாரிக்க வந்தவர்களும் முகநூலில் இரங்கல் எழுதியவர்களும் அவரைப் போர் வீரர் என்றே குறிப்பிட்டார்கள். உறவினர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் இருபத்திரண்டு வயதில் சீருடையோடு எடுத்துக்கொண்ட படமே இருந்தது. அந்த அன்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும் எழுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த மனிதரை, அவர் கலந்துகொண்ட ஒரு போருக்குள் அடக்கிவிடுவதை மகளாகிய என்னால் ஏற்க முடியவில்லை. முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால் அவருடைய போரைப் பேசுகிறோம். குடும்பத்துக்காக அவர் வாழ்ந்ததை, அது எல்லோரும் செய்வதுதானே என்று விட்டுவிடுகிறோம். என் அப்பா செய்தது எல்லோரும் செய்வதன்று.

போரை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1967-இல் பதினெட்டு வயதில் அவர் சேர்ந்தது, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவில். 1780 வரை பின்னோக்கிச் செல்லும் வரலாறு கொண்ட அந்தப் பிரிவின் வீரர்களை இராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கும்; அந்தப் பெயரில் அப்பாவுக்குத் தனிப் பெருமை உண்டு. 1971 டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் அவர் மேற்கு முனையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றைக் கடந்து நம் டாங்குகள் செல்ல வேண்டுமானால், எதிரி புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே முதலில் பாதை திறக்க வேண்டும். அந்த வேலையில் 9-ஆவது பொறியாளர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிர் நீத்தார். இறப்புக்குப் பின் மகாவீர் சக்கர விருது பெற்றார். அதே போரில் டிசம்பர் 16 அன்று வீழ்ந்த டாங்குப் படை அதிகாரி அருண் கேத்ரபாலுக்கு இருபத்தொரு வயதுதான். பரம்வீர் சக்கரம் பெற்ற அவரைவிடத் தனக்கு ஒரு வயது கூடுதல் என்று அப்பா சில சமயம் சொல்வார். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார்.

கண்ணிவெடியைக் கையால் தேடும் முறையை மட்டும் ஒருமுறை, நான் கல்லூரியில் படித்தபோது, விளக்கினார். மண்ணில் கம்பியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது. வெடியின் மேற்புறம் அழுந்தினால் வெடித்துவிடும். சாய்வாக, மெதுவாகச் செலுத்தி, எதன் மீதாவது முட்டினால் அங்கேயே நிறுத்தி, விரல்களால் மண்ணை விலக்க வேண்டும். தேடி முடித்த இடத்தின் இரு ஓரங்களிலும் வெள்ளை நாடா கட்டினால்தான் பின்னால் வருகிறவர்களுக்கு அது பாதை. இதைச் சொல்லும்போது அவருடைய வலக்கை சாப்பாட்டு மேசையின் மீது தானாகவே சாய்ந்து முன்னும் பின்னும் நகர்ந்தது.

அந்தப் போர் எங்கள் வீட்டில் விட்டுச் சென்றது வேறொன்று. போர் நடந்த நாள்களில் அப்பா தன் தாய்க்கு எழுதிய கடிதங்களுள் ஒன்று வந்து சேரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா, அடுத்த கடிதம் வரும்வரை மகன் போய்விட்டான் என்றே எண்ணிச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாராம். விடுப்பில் வந்தபோது இதைக் கேள்விப்பட்ட அப்பா, அன்று முதல் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் ஒரு வட்டம் போட்டு அதற்குள் வரிசை எண்ணை எழுதத் தொடங்கினார். பன்னிரண்டுக்குப் பின் பதினான்கு வந்தால், பதின்மூன்று வழியில் எங்கோ இருக்கிறது, மகன் நலமாகத்தான் இருக்கிறான் என்று பொருள். எழுத்துத் தெரியாத அப்பத்தாவுக்கு அந்த எண்களை மட்டும் அடையாளம் காணக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் பணிக்குத் திரும்பினார். 1989-இல் ஹவில்தாராக ஓய்வு பெறும்வரை, முதலில் அப்பத்தாவுக்கும் திருமணத்துக்குப் பின் அம்மாவுக்கும், அந்த வட்டமும் எண்ணும் இல்லாமல் ஒரு கடிதமும் வந்ததில்லை. 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவ அஞ்சலக முகவரிக்கு அப்பால் அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. எந்த எண்ணில் இருக்கிறார் என்று தெரியும்.

தன் வீட்டார் எதற்கு அஞ்சுவார்கள் என்று யோசித்து, அந்த அச்சத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்து, அதைப் பதினெட்டு ஆண்டுகள் விடாமல் செய்த மனிதர் அவர். இதற்குப் பதக்கம் கிடையாது. அஞ்சலி உரைகளிலாவது இதற்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

அம்மாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் கணவன் வீட்டில் இருக்கும் வாழ்க்கையில், பிள்ளைகளின் படிப்பையும் மாமியாரின் நோயையும் நிலத் தகராறையும் தனியாகவே சமாளித்தவர் அவர். படைவீரரைத் தியாகி என்று போற்றும் நாம், அவர் இல்லாத பத்து மாதங்களையும் நடத்திக் காட்டிய பெண்ணை அந்த வாக்கியத்தில் சேர்ப்பதே இல்லை. அப்பா சேர்த்துக்கொண்டார். ஓய்வு பெற்று வந்த புதிதில் வீட்டைப் பாசறைபோல நடத்தப் பார்த்து, எங்களிடம் கடுமையாக இருந்தார் என்பதும் உண்மை. விடியற்காலையில் எழாத பிள்ளைகளை அவரால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. ஆறேழு மாதங்களில் அவரே தளர்ந்தார். "இது அவள் நடத்துற வீடு, நான்தான் புதுசா வந்திருக்கேன்" என்று என் மாமாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு வங்கி ஒன்றில் துப்பாக்கிக் காவலராக வேலை பார்த்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பின் வந்த காலத்தை. 2012-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அப்போது அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003-இல் தொடங்கப்பட்ட சுகாதாரத் திட்டத்தின் அட்டை இருந்ததால் மருத்துவமனைச் செலவு எங்களை முறித்துவிடவில்லை. ஆனால் படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் கைகளை எந்தத் திட்டமும் தருவதில்லை. அப்படிப் புரட்டாவிட்டால் உடல் அழுந்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் வந்துவிடும். அப்பா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று மூன்று பத்திகள் பிரித்து, நேரத்தைக் குறித்தார். இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்து எழுந்தார். நாங்கள் ஆள் வைக்கலாம் என்றபோது பகலுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். விழுங்கச் சிரமப்பட்ட அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தி, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுத்தார்; அரை மணியில் முடிய வேண்டிய சாப்பாடு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. ஆறு ஆண்டுகள். 2018-இல் அம்மா இறந்தபோது அவருடைய உடலில் ஒரு படுக்கைப் புண் கூட இல்லை என்று வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவர் வியந்து சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அப்பா முதன்முறையாக அழுதார்.

பதினொரு நோட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவருடைய பெயரும் படை எண்ணும் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்ட கருப்பு டிரங்குப் பெட்டியில், பதக்கங்களுக்கு அருகிலேயே அவற்றை வைத்திருந்தார். இரண்டையும் அவர் ஒன்றாகத்தான் வைத்திருந்தார், பிரித்தது நாம்தான். எனவே உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு முன்னாள் படைவீரர் இருந்தால், போரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். வீட்டுக்கு என்ன எழுதினீர்கள், திரும்பி வந்தபோது வீடு எப்படி இருந்தது, யாரைப் பார்த்துக்கொண்டீர்கள் என்றும் கேளுங்கள். டிசம்பர் 7 கொடிநாளன்று பள்ளிகளில் அவர்களைப் பேச அழைப்பவர்களும் இதைக் கேட்கலாம். பிள்ளைகள் அதையும் தெரிந்துகொண்டு வளரட்டும்.

1971-இல் காணாமல் போன அந்தக் கடிதம் கடைசிவரை வந்து சேரவே இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாலையில், அதில் என்னப்பா எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"நல்லா இருக்கேன்னுதான் எழுதியிருப்பேன்மா. எல்லாத்துலயும் அதைத்தானே முதல்ல எழுதுவேன்."