ஷட்டர் இறங்கிய ஜிம்மும் என் 14,000 ரூபாயும்
சந்தா கட்டிய ஜிம் திடீரென மூடிவிட்டால் முதலில் போலீசுக்குப் போகச் சொல்லி ஒரு கட்டுரை படித்தேன். நானும் போனேன், மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆண்டுச் சந்தா 14,000 ரூபாய் கட்டி மூன்றே மாதம். ஒரு திங்கட்கிழமை காலை ஷட்டரில் பூட்டு. (டிரெட்மில்லைக்கூட ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிட்டார்கள்!) கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டேன். ரசீதும் பூட்டிய கதவின் போட்டோவும் கொடுத்தேன், பணம் வந்துவிட்டது. இதற்கு நாள் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

யுபிஐ-யில் கட்டிய நண்பருக்கு அது நடக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசினார், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டார். ஜிம்முக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஓனர் எங்கே என்பதுதான் இன்னும் தெரியவில்லை.